பட்டு செக்‌ஷனில் இருமியவள்

இருமலுக்கான பழியை நான் முதலில் ஏசியின் மேல்தான் போட்டேன். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷன் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வேர்வையோடு அந்தக் குளிருக்குள் நுழைந்தால் யாருக்கும் தொண்டை கட்டும். புதுத் துணியின் கஞ்சித் தூசு வேறு. அது ஆடித் தள்ளுபடி நேரம். மாடிப்படி வரைக்கும் கூட்டம். வந்தவர்கள் எங்கள் முகத்துக்கு நேரே இருமினார்கள். நாங்கள் லேசாகத் திரும்பிக்கொண்டு, மறுபடி சிரித்தோம்.

பட்டு விற்பது சுடிதார் விற்பது போல இல்லை. கீழ்த்தளத்தில் நடுவில் ஒரு மேசையாவது இருக்கும். இங்கே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைதான். அதன் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து, புடவையைப் பிரித்து, முந்தியைக் கல்யாணப் பெண்ணின் தோளில் போட்டு, அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் என் முகத்தை வைத்துக் கண்ணாடியில் காட்ட வேண்டும். அவள் விடும் மூச்சை நான் வாங்குவேன், நான் விடுவதை அவள் வாங்குவாள். கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வதும் எங்கள் வேலையில் சேர்த்திதான். குழந்தை யார் மடியில் இருக்கிறதோ அவளிடம்தான் தாய்க்காரி புடவை எடுப்பாள் என்று சூப்பர்வைசர் சொல்வான். எனக்கு அது நன்றாக வரும். எப்பேர்ப்பட்ட அழுகைக் குழந்தையும் என் தோளில் தூங்கிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் வாரம் சாதாரண சளி போலத்தான் இருந்தது. அப்புறம் அது வேறு மாதிரி ஆனது. ஆரம்பித்தால் நிற்காது. மூச்சு வாங்க இடம் விடாமல் தொடர்ந்து இருமி, கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு ஊளை வரும். சில சமயம் சாப்பிட்டதும் கூடவே வந்துவிடும். இருமல் நின்றபின் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது.

வீட்டுக்காரர் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கும் அப்போது இருமல்தான்.

"பஸ்ல இருமாதவன் யாரு? நான் இருமிக்கினே டிக்கெட் கிழிக்கலியா? ஒரு டானிக் வாங்கிக் குடி, சரியாப் பூடும்" என்றார்.

கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் கடைக்குப் போனேன். சூப்பர்வைசர் என் பிள்ளை வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, இத்தக் கழட்டிடுங்கக்கா. கஸ்டமருங்க பயப்படுறாங்க."

கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் செக்‌ஷன் மூலையில் தையல் மிஷின் போட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் பெண் ஒருத்தி உண்டு. கல்யாணமாகாதவள், டவுனிலேயே நாலைந்து பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். அவள்தான் இருமல் மிட்டாய் ஒன்றை என் கையில் திணித்து, "வாயிலயே வெச்சிக்குங்கக்கா, கொஞ்சம் அடங்கும்" என்றாள்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் இல்லை.

முதல் தடவை பஸ்ஸில். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இருமல் வந்தது. இருமி முடித்தபோது கால் இடுக்கில் ஈரம். என்னவென்று புரியவே சிறிது நேரம் ஆனது. ஒன்றிரண்டு சொட்டுத்தான். ஆனால் உடம்பெல்லாம் கூசிப்போனது. நாற்பத்தைந்து தாண்டிய பொம்பளை, பஸ்ஸில் நின்றுகொண்டே சிறுநீர் விட்டிருக்கிறேன். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டது போலத்தான் எனக்கு இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு இருமலுக்கும் அது வந்தது, நாளுக்கு நாள் ஜாஸ்தியாக. எங்கள் கடையில் பெண்களுக்கான கழிப்பறை தரைத்தளத்தில், குடோனுக்குப் பின்னால். சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கூட்டம் இருக்கும்போது சொல்லவே வாய் வராது. உட்காருவதற்கு ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு சுவர் ஓரம் ஸ்டூல்கள் வந்தன. அவற்றின் மேல் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன. நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். பழைய காட்டன் சேலையைக் கிழித்து, மடித்து, வயசுக்கு வந்த புதிதில் வைத்துக்கொண்டது போல வைத்துக்கொண்டேன். மாற்றுத் துணி பையில் இருந்தது. வாசம் வருமோ என்று பவுடரை அள்ளிப் பூசினேன். யாராவது மூக்கைச் சுளித்தால் எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

கல்வராயன் மலையிலிருந்து அந்தக் குடும்பம் வந்தது இப்படி இருக்கும்போதுதான்.

மலைக்காரர்கள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தால் ஒரு வேன் நிறைய வருவார்கள். "வந்துட்டாங்கடா, எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டுட்டுத்தான் போவாங்க" என்று எங்கள் ஆட்கள் முணுமுணுப்பார்கள். நானும் முணுமுணுத்தவள்தான். அன்றைக்கு வந்த கூட்டத்தில் கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, கைக்குழந்தையோடு அண்ணி, அண்ணன், இன்னும் சில உறவுக்காரர்கள். அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. மெத்தையில் சம்மணம் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அண்ணி தயங்கித் தயங்கி நின்றாள். நான் கையை நீட்டினேன். குழந்தையைக் கொடுத்தாள். இப்போதுதான் கழுத்து நின்றிருந்த ஆண் குழந்தை. என் தோளில் சாய்ந்து, வழக்கம்போலத் தூங்கிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு சின்ன இருமல் வந்தது. முகத்தைத் திருப்பி இருமிவிட்டு, குழந்தையை அண்ணியிடம் கொடுத்தேன்.

புடவைகள் மெத்தையில் மலைபோலக் குவிந்திருந்தன. பெண்ணுக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. அடுக்கில் இருந்து இன்னும் நாலு எடுக்க எட்டினேன். அப்போது பெரிய இருமல் வந்தது. முட்டி போட்டபடி குனிந்துவிட்டேன். மெத்தையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்த ஊளைச் சத்தத்தோடு மூச்சை இழுத்து இழுத்து இருமினேன். அது முடிந்தபோது துணி தாங்கவில்லை என்று தெரிந்தது. உள்பாவாடை, சேலை எல்லாம் நனைந்து, என் காலுக்கடியில் சுருண்டு கிடந்த பட்டுப் புடவையிலும் இறங்கியிருந்தது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட புடவை.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தெரிந்துவிடும். அப்படியே உட்கார்ந்துகொண்டு, கைக்கு எட்டிய வேறு புடவையைப் பிரித்துக் காட்டினேன்.

கல்யாணப் பெண் அதைப் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க மேல உக்காந்துக்கினு இருக்கிறீங்களே, அந்த மஞ்சா. அத்தக் காட்டுங்க."

"அது வேணாம்மா. அதவிட நல்லதா இதோ பாரு."

"இல்லக்கா, அதான் நல்லா இருக்கு."

"டேமேஜும்மா அது."

சூப்பர்வைசர் காதில் டேமேஜ் என்ற சொல் விழுந்துவிட்டது. வந்து நின்றான். "காலையிலதான்க்கா பிரிச்சோம், அது டேமேஜ் இல்ல. அந்தக் கலர்ல கடைசி பீஸு. குடுங்க, பாப்பா போட்டுப் பாக்கட்டும்" என்று குனிந்து அதன் ஒரு முனையைப் பிடித்தான்.

நான் புடவையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புடவையை அந்தப் பெண் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காருவது கண்ணுக்கு முன்னால் வந்தது. வேறு வழி தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதருகே சாய்ந்தேன்.

"அக்கா, அந்தப் பொடவ வேணாம்னு சொல்லுங்க. நான் இருமினதுல நனைஞ்சி போச்சி."

அவளுக்குப் புரியவில்லை. "இன்னா நனைஞ்சிச்சி?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஒண்ணுக்குக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். என் கண்ணைத்தான் பார்த்தாள், கீழே பார்க்கவில்லை. பிறகு மகளிடம் திரும்பி, "அதுல நூலு வுட்டிருக்குடி. நல்ல காரியத்துக்கு வேணாம். அந்தாண்ட பச்ச ஒண்ணு இருந்திச்சே, அத்த எடு" என்றாள். சூப்பர்வைசரைப் பார்த்து, "தம்பி, புள்ளைக்குக் கண்ணாடி காட்டு" என்றாள். அவன் நகர்ந்ததும் தன் கட்டைப்பையை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"இத்த முன்னாடி புடிச்சிக்கினு போ. நான் பின்னாடியே வர்றேன்."

மஞ்சள் புடவையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, அவள் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கினேன். அவள் எனக்குப் பின்னால் ஒட்டி நடந்தாள். கழிப்பறை வாசலில் பையை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். உள்ளே நின்று அந்தப் பட்டின் முந்தியைக் குழாயில் அலசினேன். அலச அலச அரக்குச் சாயம் மஞ்சளில் இறங்கியது.

அதைச் சூப்பர்வைசரிடம் நானே கொடுத்தேன். தண்ணீர் பட்டுவிட்டது என்றேன். அவன் என்ன புரிந்துகொண்டானோ, மாலைக்குள் முதலாளி கூப்பிட்டார். கடையில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் சொல்வோம். அவருடைய அத்தா காலத்திலிருந்து நடக்கும் கடை. பெண்களை அதட்டிப் பேசாத மனிதர். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல், மேசை மேலிருந்த கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒடம்பு சரியில்லன்னா சொல்லணும்மா. ஸ்டாஃபெல்லாம் டீபியா இருக்குமோன்னு பயந்துக்கினு இருக்காங்க. பெரியாஸ்பத்திரில காட்டிட்டு, நல்லானப்புறம் வாங்க. வேலை எங்கியும் போவாது."

நல்ல வார்த்தைகள்தான். ஆனால் ஸ்டாஃபெல்லாம் என்று அவர் சொன்னதும், இத்தனை நாளாக என் முதுகுக்குப் பின்னால் பேச்சு நடந்திருக்கிறது என்று தெரிந்தது. பையை எடுக்க மேலே போனபோது பெண்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். சூப்பர்வைசர் எனக்கு ஆறுதலாக, "மலைக்காரங்க கூட்டம் ஜாஸ்தியா வர்ற எடம்க்கா இது. அவங்ககிட்டருந்துதான் ஒட்டியிருக்கும்" என்றான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என்னைக் காப்பாற்றிய கை ஒன்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் படியில் எனக்குப் பின்னால் இருந்தது. அதை நினைத்துக்கொண்டேதான் தலையாட்டினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, வெளியே மரத்தடியில் நின்று காறித் துப்பி எடுத்து வரச் சொன்னார்கள். காற்றோட்டமான இடத்தில்தான் எடுக்க வேண்டுமாம். மரத்தடி நுழைவாயிலுக்கு நேர் எதிரே இருந்தது. ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே போனார்கள். அதில் ஒரு அம்மாள், போன தையில் மகளுக்கு என்னிடம் புடவை எடுத்தவள், "பட்டு செக்‌ஷன்ல இருப்பீங்கல்ல?" என்று சிரித்துக்கொண்டே வந்து, கையில் டப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு விலகிப் போனாள். டப்பாவைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டேன்.

உள்ளே வரிசை நீளம். எல்லோரும் இருமல்காரர்கள். எனக்கு முன்னால் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர், அவருக்கு முன்னால் லாரி டிரைவர், பள்ளிக்கூடத்து டீச்சர், அதே ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிற பெண். டாக்டர் சின்ன வயதுப் பெண். உட்கார்ந்ததும் எல்லோரிடமும் முதலில் கேட்டது, என்ன வேலை, அங்கே யார் யார் இருமுகிறார்கள் என்பதைத்தான். வார்டு கூட்டுகிற பெண், "யாரு இருமுலன்னு கேளுங்க டாக்டர், சொல்றேன்" என்றாள். வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

என் முறை வந்தபோது எக்ஸ்ரேயும் சளி ரிசல்ட்டும் மேசையில் இருந்தன. டீபி இல்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே இருமலும் வந்தது. அந்த ஊளைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுது. ஜவுளிக்கட, பட்டு செக்‌ஷன். மலையிலருந்து வர்றவங்க ஜாஸ்தி டாக்டர்" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

"அவங்க எப்ப வந்தாங்க?"

"நேத்து."

டாக்டர் பேனாவை எடுத்து, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் என்று சீட்டில் எழுதினார். என் காது சூடானது.

கக்குவான் இருமல் போல இருக்கிறது என்றார். அது குழந்தைகளுக்கு வருவது அல்லவா என்றேன். பெரியவர்களுக்கும் வரும், சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் குறைந்துபோயிருக்கும், பெரியவர்களை அது கொல்லாது, படுத்தும் என்றார். மூக்கில் குச்சி விட்டுப் பஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். வேறு தொந்தரவு உண்டா என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு அதையும் சொன்னேன். "இந்த இருமலுக்கு வர்றதுதான். இங்க வர்ற பாதிப் பேர் சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே கேட்டார்:

"சின்னக் கொழந்தைங்க யாரையாவது தூக்கினீங்களா? கைக்கொழந்தைங்க?"

இல்லை என்றேன். என் வீட்டில் சின்னக் குழந்தைகள் இல்லை. சொல்லி முடித்தபிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. அதன்பின் நிறுத்த முடியவில்லை. அந்த இரண்டு வாரத்தில் என் மடியில் இருந்த குழந்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பொட்டு வைத்தது, வைக்காதது, வெள்ளைத் தொப்பி போட்டது, என் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்தது. எந்த ஊர், யார் வீடு, ஒன்றும் தெரியாது. கடைசியாகத் தூக்கியது மலைக்குழந்தை.

"கழுத்து இப்பதான் நின்னிருக்கு டாக்டர்."

அந்த வயதில் ஊசி முழுதாகப் போட்டிருக்க மாட்டார்கள், குழந்தைகளுக்கு இது மூச்சையே நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்னார். கடையில் பில் போடும் பெண்ணுக்குப் போன் செய்து அந்தக் குடும்பத்தின் ஊரையும் நம்பரையும் வாங்கிக் கொடுத்தேன். நம்பர் போகவில்லை. மலையில் டவர் கிடைப்பது அப்படித்தான். டாக்டர் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொன்னார். அங்கிருந்து நர்ஸ் போய்ப் பார்த்து மருந்து கொடுப்பார் என்றார். மற்ற குழந்தைகளுக்கு, கடையிலேயே ஒரு அறிவிப்பு வைக்கச் சொல்லலாம் என்றார். பாய் அதை மறுக்காமல் வைத்தார். இருமல் யாருக்கென்று பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் இரண்டு வாரத்துக்கு மாத்திரை. அவர் முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினார். மாத்திரை முடியும் வரை வெளியே போகக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபின் சூப்பர்வைசர் போன் செய்தான். ஃபால்ஸ் அடித்த புடவைகளை வாங்கிப்போக அந்தக் கல்யாணப் பெண்ணின் அண்ணன் வந்திருந்தானாம். குழந்தை பெரியாஸ்பத்திரியில் இருக்கிறதாம். இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிட்டதாம். நர்ஸ் மறுபடி வந்து பார்த்துவிட்டு அவரே வண்டி வைத்து அனுப்பினாராம்.

"உங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றான்.

மாத்திரை முடிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் போய்விடலாம். போகவில்லை. வரிசையில் நின்றபோது வார்டு கூட்டும் அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கியிருந்தேன், அவளிடம் போனில் விசாரித்துக்கொண்டேன். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், எடுத்துவிட்டார்கள், பால் குடிக்கிறான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவள் மூலமாகத்தான் ஒவ்வொன்றும் தெரிந்தது.

அவர்கள் ஊருக்குத் திரும்பியது தெரிந்தபின் நான் மலைக்குப் போனேன். மாத்திரை முடிந்திருந்தது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் மாஸ்க் போட்டுக்கொண்டேன். என்ன வாங்கிப் போவது என்று தெரியவில்லை. சட்டை வாங்கினால் நான் தொட்ட துணி, பழம் வாங்கினால் நான் தொட்ட பழம். வெறுங்கையோடுதான் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறும்போது இருமல் வந்தது. சன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டேன். இத்தனை வருடம் அடிவாரத்தில் குடியிருந்தும் அந்தப் பக்கம் நான் போனது அதுதான் இரண்டாவது முறை.

வீடு மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் இருந்தது. அந்த அம்மா குடத்தோடு குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் நின்றாள்.

"அங்கியே நில்லும்மா" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் கையை நீட்டித் தடுத்தாள்.

நின்றேன். "கொழந்த எப்படி இருக்கான்னு பாக்க வந்தேங்கக்கா. எனக்கு வந்தது கக்குவானாம். எனக்கே தெரியாது."

"நர்சம்மா சொன்னாங்க. கடையில யாருக்கோ இருந்திச்சின்னு. யாருன்னு சொல்லல." குடத்தை இறக்கினாள். "எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிச்சி. நீ இருமினதப் பாத்தேனே."

வாசலில் அண்ணி வந்து நின்றாள். தோளில் குழந்தை. சுருங்கிப் போயிருந்தான், கண் மட்டும் பெரிதாக இருந்தது. ஒரு இருமல் இருமினான். அந்தச் சின்ன உடம்பு முழுக்க அதில் குலுங்கியது. அண்ணி என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பயந்துக்கினு இருக்கா" என்றாள் அம்மா. "கோவம்லாம் இல்ல." பிறகு கொஞ்சம் யோசித்து, "கோவமும்தான்" என்றாள்.

"இருக்காதாக்கா."

அவள் உள்ளே போய் டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். நான் போய் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் கூலிக்கு வரும் மலைக்காரர்களுக்கு இப்படி வைத்துவிட்டு நகர்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அதைப் பற்றி நினைத்ததில்லை. மாஸ்க்கைக் கீழே இறக்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கல்லிலேயே கவிழ்த்தேன்.

"அன்னைக்கு நீங்க எனக்குப் பண்ணது..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த விடு" என்றாள். "பஸ்ஸு வந்துரும், கெளம்பு. அடுத்தது சாயங்காலம்தான்."

கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

ஆவணி பாதியில் வேலைக்குத் திரும்பினேன். என்னைக் கீழே பேக்கிங்கில் போட்டார்கள். நானே கேட்டிருப்பேன், அதற்குள் அவர்களே செய்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் ஃபால்ஸ் அடிக்கும் பெண் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். டப்பாவைத் திறக்காமலே அழுதாள்.

"அக்கா, எனக்குத்தான் மொதல்ல வந்துச்சி. உங்களுக்கு முன்னாடியே. ரூம்ல ஒருத்தி நர்சரி ஸ்கூல்ல டீச்சரு, அவ இருமிக்கினே இருந்தா, அப்புறம் எனக்கு. சொன்னா சீசன்ல வேலைய வுட்டு நிறுத்திடுவாங்கன்னு மிட்டாயப் போட்டுப் போட்டு அடக்கினேன். மிஷின் சத்தத்துல யாருக்கும் தெரியல. உங்களத்தான் எல்லாரும் பேசினாங்க. நான் பேசாம இருந்துட்டேன்."

என்னிடம் இருந்த ஒரு பெரிய பாரத்தை யாரோ கை கொடுத்து இறக்குவது போல இருந்தது. அது உண்மை. என்னிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. இவளிடமிருந்து, இவளுக்கு முன்னால் ஒரு டீச்சரிடமிருந்து, அவளுக்கு முன்னால் மூக்கொழுகும் ஏதோ பிள்ளைகளிடமிருந்து. எனக்குள் வந்தது சந்தோஷம் தவிர வேறில்லை. அழுதுகொண்டிருந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே நான் போனை எடுத்துக்கொண்டு குடோன் பக்கம் போனேன். மலைக்குச் சொல்ல வேண்டும், ஆரம்பித்தது நான் இல்லை என்று.

அன்றைக்குப் பார்த்து லைன் போனது. ஒரு ரிங், இரண்டு ரிங். அப்போதுதான் நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்கே கேட்டது. தையல்காரப் பெண்ணின் மடியில் அந்தக் குழந்தை இருந்ததில்லை. யார் ஆரம்பித்தால் அவர்களுக்கு என்ன? கட் செய்துவிட்டேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போனது கோபத்தில் என்று நினைத்திருப்பாள்.

"சாப்புடு. ஆறிப்போவுது" என்றேன். "டாக்டர்கிட்ட காட்டினியா?"

இல்லை என்று தலையாட்டினாள். அனுமதி கேட்டு அவளை மறுநாள் நானே கூட்டிப் போனேன். அவளுடைய ரூம் பெண்களும் வந்தார்கள்.

அதற்கு முன்பே, நான் கட் செய்த அன்றைக்குச் சாயங்காலமே, மலையிலிருந்து போன் வந்துவிட்டது.

"கூப்பிட்டியா?" என்றாள் அந்த அம்மா. பின்னால் பாட்டுச் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும் கேட்டன. கல்யாண வீடு.

"கொழந்த எப்படி இருக்கான்னு கேக்கத்தான்க்கா."

"இருமல் இன்னும் போவல. பால் குடிக்கிறான். தூங்குறான். வேற இன்னா?"

வேறு ஒன்றும் இல்லை என்றேன். பிறகு யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வெச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.